காலையில் ஒட்டிக்கொள்ளும் இமைகள்: ஓயாத இமை எரிச்சலும் அதற்குரிய சிகிச்சையும்

சில மாதங்களுக்கு முன்பு, 52 வயதுள்ள தையல் தொழிலாளி ஒருவர் தம் மகளுடன் நமது கண் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். மூன்று ஆண்டுகளாக அவருடைய இமை விளிம்புகள் சிவந்து, அரித்து, எரிந்துகொண்டிருந்தன. காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் தொட்டுப் பிரித்தால்தான் திறக்கும். பகலெல்லாம் கண்ணுக்குள் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல். “ஊசியில நூல் கோக்கக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருக்குங்க, டாக்டர். கண்ணு போயிடுமாங்க?” என்று அவர் கேட்டார்.

அவர் கைப்பையிலிருந்து ஐந்து சொட்டு மருந்துப் புட்டிகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ஸ்டீராய்டு கலந்தது. முன்பு எப்போதோ ஒரு வாரத்திற்கென எழுதித்தரப்பட்ட அம்மருந்தை, எரிச்சல் வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் தாமே வாங்கிப் போட்டு வந்திருக்கிறார். போட்ட இரண்டே நாளில் சிவப்பு மறையும். நிறுத்தினால் மீண்டும் வரும். பரிசோதித்தபோது இரு கண்களிலும் கண் நீர் அழுத்தம் உயர்ந்திருந்தது. நல்வேளையாகப் பார்வை நரம்புக்கு இன்னும் சேதம் ஏற்படவில்லை. அவருடைய பார்வைக்கு அச்சுறுத்தலாக நின்றது இமை நோயைக் காட்டிலும், அதற்காக அவர் போட்டுக்கொண்ட மருந்தே.

இத்தகைய தொல்லையுடன் வருவோர் பலர். ‘கண் சூடு’ என்று பலரும் ஒதுக்கிவிடும் இந்நோயைப் பற்றி விளக்கமாக அறிந்துகொள்வது நன்று.

இமை விளிம்பில் என்ன நடக்கிறது?

இமை முடிகளுக்குச் சற்றுப் பின்னால், விளிம்பை ஒட்டி, வரிசையாக நுண்ணிய துளைகள் உள்ளன. அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். 1666ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் என்பவரின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையிலும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையிலும் இச்சுரப்பிகள் இருக்கும். நாம் இமைக்கும் ஒவ்வொரு முறையும் இவற்றிலிருந்து சிறிதளவு எண்ணெய் வெளிப்பட்டுக் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காப்பது இப்படலமே.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே உறைந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். இச்சுரப்பிகள் நலிவுறும்போதும் ஏறத்தாழ அதுவே நிகழ்கிறது. தெளிந்த எண்ணெய் கெட்டிப்பட்டுத் துளைகளை அடைத்துக்கொள்கிறது. கண்ணீர் விரைந்து உலர்கிறது. விளிம்பு வீங்கிச் சிவக்கிறது. சிலருக்குச் சுரப்பி முற்றிலும் அடைபட்டுக் கண் கட்டி உண்டாகிறது.

இமை முடிகளின் அடிப்பகுதியிலும் அழற்சி தோன்றலாம். தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு இங்கும் எண்ணெய்ப்பசையுள்ள செதில்கள் படியும். தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் நுண்ணுயிரிகள் பெருகினால் காய்ந்த பொருக்குகள் உண்டாகும். டெமோடெக்ஸ் என்னும், கண்ணுக்குப் புலப்படாத உண்ணி மயிர்க்கால்களில் பெருகினால், ஒவ்வொரு முடியின் அடியிலும் சிறு குழல் போன்ற செதில் சுற்றிக்கொண்டிருக்கும். இவ்வுண்ணி முதியோர் பலரிடம் தீங்கின்றி வாழ்கிறது. அளவுக்கு மிஞ்சும்போதுதான் தொல்லை தருகிறது. ஆகவே இது அழுக்கின் அடையாளமன்று. வெட்கப்பட வேண்டியதும் இல்லை. இவை அனைத்தையும் சேர்த்தே பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை விளிம்பு அழற்சி என்கிறோம்.

எல்லா இமை எரிச்சலும் ஒன்றல்ல

சரியான சிகிச்சை கிடைக்காமல் பலர் அலைவதற்கு முதன்மைக் காரணம், காரணம் எதுவென்று பிரித்தறியாமையே. இமைத் தோல் நம் உடலிலேயே மிக மெல்லியது. எனவே ஒவ்வாமை இங்கு எளிதில் வெளிப்படும். நகப்பூச்சு பூசிய விரலுக்கு ஒன்றும் நேராது. அவ்விரலால் கண்ணைத் தேய்த்தால் இமை தடித்துப்போகும். தலைச்சாயம், நறுமணம் கலந்த சோப்பு, கண் மை, முகப்பூச்சு ஆகியவையும் காரணமாகலாம். கண்ணுக்கென்று போடும் மருந்திலுள்ள நியோமைசின் போன்ற பொருள்களும், மருந்து கெடாதிருக்கச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பொதுவாகச் சொன்னால், விளிம்பில் மட்டும் செதிலும் ஒட்டலும் இருந்து காலையில் தொல்லை மிகுந்தால் இமை விளிம்பு அழற்சியை ஐயுறலாம். இமையின் தோல் முழுவதும் தடித்து, சுருங்கி, உரிந்து, கடுமையாக அரித்தால் ஒவ்வாமையை ஐயுற வேண்டும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். மருத்துவர் பிளவு விளக்குக் கருவியால் விளிம்பை உருப்பெருக்கிப் பார்த்து வேறுபாட்டை அறிவார். ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் புலப்படாவிட்டால், தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து கண்டறிவார். ஒவ்வாமை உள்ளவர் இமையைச் சோப்பு நீரால் மேலும் மேலும் கழுவினால் நோய் மிகும். சுரப்பி அடைப்பு உள்ளவர் கழுவாமல் விட்டால் நோய் மிகும். எனவே நோயறிதலே முதற்படி.

நாள்தோறும் செய்ய வேண்டியது

இமை விளிம்பு அழற்சி நீடித்து வரும் இயல்புடையது. நீரிழிவைப் போலவே இதையும் முற்றிலும் ஒழிப்பதைவிடக் கட்டுக்குள் வைப்பதே நோக்கம். அதற்கான அடிப்படை, வீட்டிலேயே செய்யும் மூன்று பணிகள்.

1. ஒத்தடம்: கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். தூய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூட்டைச் சரிபாருங்கள். பின் மூடிய இமைகளின் மேல் வையுங்கள். துணி ஓரிரு நிமிடங்களில் ஆறிவிடும். ஆகவே மீண்டும் மீண்டும் நனைத்து, 5 முதல் 10 நிமிடங்கள் வரை தொடர வேண்டும். உறைந்த எண்ணெய் இளகுவதற்கு இந்நேரம் தேவை. ஒரே ஒரு முறை வைத்துவிட்டு எழுந்துவிடுவதே பலர் செய்யும் தவறு.

2. நீவுதல்: ஒத்தடம் முடிந்த உடனே, மூடிய மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், முடி வரிசையை நோக்கி விரல் நுனியால் மென்மையாக நீவுங்கள். கண் விழியை அழுத்தக் கூடாது. கிளாக்கோமா உள்ளவர்களும் அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நீவக் கூடாது.

3. தூய்மை செய்தல்: கொதித்து ஆறிய நீர் பத்துப் பங்கிற்குக் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு பங்கு கலந்து, பஞ்சுக் குச்சியால் முடியின் அடிப்பகுதியை மட்டும் துடையுங்கள். இதற்கெனவே விற்கப்படும் இமைத் துடைப்பான்களையும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு வேண்டும்.

முதல் சில வாரங்கள் காலை, மாலை இருவேளையும், பின்னர் நாளுக்கு ஒருமுறையும் செய்யுங்கள். ஒரு வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. தெளிவான பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். சுகமானதும் நிறுத்திவிட்டால் நோய் திரும்பும். பல் துலக்குவது போல் இதுவும் பழக்கமாக வேண்டும்.

மருந்துகளின் இடம்

மேற்கண்டவை போதாதபோது, இரவில் இமை விளிம்பில் தடவும் நுண்ணுயிர் எதிர்ப்புக் களிம்பை மருத்துவர் தரலாம். கடுமையான சுரப்பி அடைப்புக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை சில வாரங்கள் தரப்படும். அது நுண்ணுயிரிகளைக் கட்டுப்படுத்துவதோடு அழற்சியையும் தணிக்கிறது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இதை உட்கொள்ளக் கூடாது. பாலூட்டும் தாய்மார் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயில் படுவதையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உலர்ச்சிக்குச் செயற்கைக் கண்ணீர் உதவும். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் பொருள் சேராத வகையைக் கேட்டு வாங்குங்கள். டெமோடெக்ஸ் உண்ணிக்கென்றே உருவாக்கப்பட்ட லோட்டிலானர் என்னும் சொட்டு மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஜூலையில் அனுமதி அளித்தது. தேயிலை மர எண்ணெய் இவ்வுண்ணியை அழிக்கும் என்று கேள்வியுற்றுச் சிலர் அதை நேரடியாகத் தடவிக்கொள்கின்றனர். நீர்க்காத எண்ணெய் கருவிழியைப் புண்ணாக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஸ்டீராய்டு மருந்து தீயதன்று. கடும் அழற்சியைத் தணிக்க, குறுகிய காலத்திற்கு, கண் அழுத்தத்தைக் கண்காணித்துக்கொண்டு அதை நாங்களும் தருகிறோம். மேற்பார்வையின்றித் தொடர்ந்தால் கிளாக்கோமாவும் கண்புரையும் உண்டாகும். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி எந்தக் கண் மருந்தையும் மீண்டும் வாங்காதீர்கள். தாய்ப்பால், வெங்காயச் சாறு, தேன், பூச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவதையும் கைவிடுங்கள். இவை தொற்றைக் கொண்டுவரக்கூடும்.

கண்புரை அறுவைக்காகக் காத்திருப்போர் இமை எரிச்சலை மறைக்காமல் சொல்ல வேண்டும். விளிம்பில் பெருகிய நுண்ணுயிரிகள் அறுவைக்குப்பின் கண்ணுக்குள் தொற்றை உண்டாக்க வாய்ப்புண்டு. கண்ணீர்ப் படலம் சீர்குலைந்திருந்தால் பொருத்தவேண்டிய லென்சின் அளவும் பிழையாகலாம். இதற்காக அறுவையைச் சில வாரங்கள் தள்ளிவைத்தால் வருந்தாதீர்கள்.

தாமதிக்காமல் வர வேண்டிய நேரங்கள்

பார்வை மங்குதல், கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, கருவிழியில் வெண்புள்ளி ஆகியவை தோன்றினால் அன்றே வாருங்கள். இமை முழுவதும் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தாலும் அவ்வாறே. முதியோருக்கு ஒரே கண்ணில் மட்டும் எரிச்சல் நீடித்தல், ஓரிடத்தில் இமை முடி உதிர்தல், அகற்றிய கட்டி அதே இடத்தில் மீண்டும் வருதல் ஆகியவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. அரிதாக, எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் சாதாரண அழற்சி போலவே தோற்றமளிக்கும். சிறு திசுப் பரிசோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும்.

குடும்பத்தினருக்கு

இந்நோயால் பார்வை போவது அரிது. ஆனால் நாள் முழுதும் விடாத எரிச்சல் ஒருவரின் உறக்கத்தையும் உழைப்பையும் மனநிலையையும் தின்றுவிடும். “கண்ணைக் கசக்காதே” என்று கண்டிப்பதைவிட, இரவில் வெந்நீரும் துணியும் எடுத்துவைத்து அருகில் அமர்வது பேருதவி. கை நடுக்கமுள்ள முதியோருக்கு நீங்களே துடைத்துவிடலாம். துண்டையும் கண் மையையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள். கைப்பேசியில் மூழ்கும்போது இமைப்பது குறைகிறது. இடையிடையே முழுமையாக இமைக்க நினைவூட்டுங்கள்.

அந்தத் தையல்காரரின் வீட்டில் மகள்தான் பொறுப்பேற்றார். ஒவ்வோர் இரவும் பத்து நிமிடம் தாயின் இமைகளுக்கு ஒத்தடம் வைத்தார். ஸ்டீராய்டை நிறுத்தியபின் சில வாரங்களில் கண் அழுத்தம் இயல்புக்குத் திரும்பியது. மூன்றாம் மாதம் வந்தபோது இமை விளிம்பில் இலேசான சிவப்பு மட்டுமே எஞ்சியிருந்தது. எரிச்சல் முற்றிலும் போய்விடவில்லை. குளிர்காற்றில் சற்றுக் கூடுகிறது என்றார். ஆனால் நூலைத் தாமே கோக்கிறார். கண் அழுத்தத்தைப் பார்க்க ஆறு மாதத்திற்கு ஒருமுறை வருமாறு சொல்லியிருக்கிறோம்.

நீங்கள் வரும்போது, போட்டுவரும் எல்லாச் சொட்டு மருந்துகளையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும், முகத்திலும் தலையிலும் பூசும் பொருள்களையும் ஒரு பையில் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் விடை அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.