ஆராய்ச்சிச் சம்பளமும் கரிசல் மழையும்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இடைசெவல் என்னும் சிற்றூர் இருக்கிறது. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் இரு எழுத்தாளர்களும் 1923ஆம் ஆண்டில் அங்கே பிறந்தவர்கள். அவ்வூரார் எதை உண்டார்கள், எதைச் சொல்லிச் சிரித்தார்கள், மழை பொய்த்த ஆண்டில் எவ்வாறு நாளைக் கடத்தினார்கள் என்பவற்றை அவர்களுடைய கதைகளால் அறிகிறோம். ஆனால் ஒரு குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு கடன் வாங்குகிறது, அதில் விதைக்குப் போவது எவ்வளவு, வட்டிக்குப் போவது எவ்வளவு என்று அரசாங்கம் கேட்குமானால், கதைப் புத்தகத்தை எடுத்து நீட்ட முடியாது. அதற்கு வேறு வகை உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பை மேற்கொள்பவர் எதைக்கொண்டு வாழ்வார் என்பதே இன்று நாம் பேசப் புகுந்த பொருள்.

எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்வது. உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் மக்காச்சோளமும் அதை நம்பியே விதைக்கப்படுகின்றன. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான இழப்பை மதிப்பிடும்போது ஒவ்வோர் உழவரின் புஞ்சையையும் தனித்தனியே பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் சில வயல்களைப் பொறுக்கி, அங்கே அறுத்து நிறுத்துப் பார்த்து, அப்பகுதி முழுமைக்கும் ஒரே சராசரி விளைச்சலைக் கொள்கிறார்கள். முந்தைய 7 ஆண்டுகளில் நன்கு விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாக வைத்து வகுத்த அளவுக்கு அது குறைந்தால்தான் இழப்பீடு. கரிசலிலோ கண்மாய்க்கு இப்பால் மழை கொட்டும். அப்பால் புழுதி பறக்கும். அந்தச் சராசரி யாருக்கு நியாயம் செய்கிறது, யாரைக் கைவிடுகிறது? அரசாங்கத்தின் மீது குறை சொல்லும் நோக்கத்தோடு இதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு வயலாக அளப்பதற்கு ஆளும் பணமும் எங்கே போவது? ஆயினும், கேள்விக்கு விடை வேண்டுமானால் யாரேனும் அவ்வூரில் தங்கித்தான் ஆக வேண்டும்.

அவ்வாறு தங்குவதற்குத் தரப்படும் பணத்தையே ஆராய்ச்சி நல்கை என்கிறோம். முன்னாளில் உபகாரச் சம்பளம் என்றார்கள். ‘உபகாரம்’ என்ற சொல்லில் தர்மம் செய்யும் தொனி இருக்கிறது. எனக்கு அது உவப்பன்று. வேலைக்குக் கூலி என்பதே பொருத்தம். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேர்வில் தேறிய இளம் ஆராய்ச்சியாளருக்கு, 2023ஆம் ஆண்டு சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று விதித்தார்கள், இரண்டாண்டுக்குப்பின் 42,000. மொத்தம் ஐந்தாண்டுகள் வரை கிடைக்கலாம். 1969இல் டி. ஆர். காட்கிலைத் தலைவராகக் கொண்டு தோன்றிய இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, முனைவர் பட்ட மாணவர் முதல் முதிர்ந்த அறிஞர் வரை தனித்தனி நல்கைகளை வகுத்திருக்கிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. அதில் இளைஞர்கள் இரண்டாண்டுக் காலம் அரசாங்கத்தின் திட்டங்களோடு உள்ளிருந்தே பணியாற்றுகிறார்கள். உள்ளிருந்து காண்பதும் வேண்டும். வெளியிலிருந்து, சம்பளம் நின்றுவிடுமோ என்ற அச்சமின்றிக் காண்பதும் வேண்டும்.

நெடுஞ்சாலையில் இடைசெவலைக் கடந்து இன்னும் தெற்கே போனால், திருநெல்வேலிக்குச் சற்று முன்னே கங்கைகொண்டான் வரும். இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பொருளாதாரம் பயில்வோர் நடுவே அவ்வூருக்கு வேறொரு புகழ் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவரவர்க்குத் தெரிந்த கிராமத்தின் நிலம், கடன், கூலி, உணவு முதலியவற்றை விசாரித்து எழுதப் பணித்தார். அவ்வாறு விசாரிக்கப்பட்ட ஊர்களில் கங்கைகொண்டானும் ஒன்று. சிவகாசிப் பக்கத்து வடமலைபுரம் மற்றொன்று. 1918இல் அவை நூலாக வெளிவந்தன. 1930களின் நடுவில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடியும் ஆராய்வித்தார்கள். 1940இல் அந்நூலும் வந்தது. மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் அடையாற்றில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில் மீண்டும் அவ்வூர்களுக்குப் போனார்கள். ஆதலால், ஓர் ஊரின் கூலியும் கடனும் நிலவுடைமையும் எழுபது ஆண்டுகளில் எவ்வாறு மாறின என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.

அந்நிறுவனத்தில் அம்மறு ஆய்வுகளை முன்னின்று நடத்திய எஸ். குகன், தமிழக அரசில் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். கோப்புகளை விட்டுக் கிராமக் கணக்குக்கு வந்தார். முதியோர், விதவையர், விவசாயக் கூலிகள் ஆகியோருக்கான சமூகப் பாதுகாப்பைப் பற்றி அவர் எழுதிவந்தவை, 1995ஆம் ஆண்டில் தேசிய சமூக உதவித் திட்டம் வருவதற்கு நெடுநாள் முற்பட்டவை. ஊரில் எத்தனை கிழவிகள் ஆதரவின்றி இருக்கிறார்கள் என்பதை நேரிற் கண்டவர் போடும் வரவுசெலவுக் கணக்கு வேறாகத்தான் இருக்கும்.

ஒருவர் ஒரே ஆண்டு நல்கையோடு கரிசலுக்கு வந்தால் ஒரே ஓர் ஐப்பசியைக் காண்பார். அவ்வாண்டு நல்ல மழையானால், காப்பீட்டில் குறையே இல்லை என்று எழுதுவார். பொய்த்த ஆண்டானால் திட்டமே வீண் என்பார். இரண்டும் உண்மையல்ல. குறைந்தது மூன்று மழைக்காலமாவது அவர் அங்கே இருக்க வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதற்காகக் கரிசல்காரன் ஏப்ரலில் விதைக்கமாட்டான். புரட்டாசியில்தான் அவனுக்கு ஆண்டு பிறக்கிறது. பணம் வழங்குவோர் இதையும் நினைவில் வைக்கலாம். அதோடு, அப்பக்கத்திலேயே பிறந்து, ‘காடு’ என்றால் விளைநிலம் என்று சொல்லாமலே அறிந்த ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ அந்நல்கை கிடைத்தால் பாதி வேலை அப்போதே முடிந்தது.

அவருக்கு வேண்டிய ஏடுகள் இப்போதும் இருக்கின்றன. 1901 முதல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நடந்துவருகிறது. மழை அளவை அங்கிருந்து தொடங்கலாம். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று இருக்கிறது. அவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கண்மாய்க்கு இப்பாலும் அப்பாலும் நடந்து பார்ப்பதே மீதி.