ஊர் ஓடினால் நாமும் ஓட வேண்டுமா?

"ஊரோடு ஒத்து வாழ வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால், ஊரோடு ஒத்துப் போவதே ஒரு பெருமை ஆகுமா?

இன்று பல வீடுகளில் இதுதான் தகராறு. எல்லோரும் பேசும் படத்தை முதல் நாளே பார்க்க வேண்டும். நடிகரைப் போல முடி வெட்ட வேண்டும். புது செல்போன் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டாளிகள் சிரிப்பார்களாம்! கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்து வாங்கிய சம்பளம், தவணை கட்டவே போய்விடுகிறது. வீட்டில் அம்மா மளிகைக் கடனுக்கு என்ன செய்வாள்?

இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருவாலங்காடு வரை போனால் போதும். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டி இருக்கிறது இந்த ஊர். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை இங்கேதான் உள்ளது. காரைக்கால் அம்மையார் வந்து பாடிய தலமும் இதுவே.

மாங்கனி தந்த மாற்றம்

அம்மையாரின் சொந்தப் பெயர் புனிதவதி. காரைக்கால் வணிகர் குடும்பத்துப் பெண். நல்ல அழகி. கணவன் பரமதத்தன்.

ஒரு நாள் கணவன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குக் கொடுத்துவிட்டாள் புனிதவதி. மற்றதைச் சாப்பிட்ட கணவன், இன்னொன்றும் கேட்டான். அவள் இறைவனை வேண்டினாள். கையில் ஒரு கனி வந்தது! உண்மை தெரிந்ததும் பரமதத்தன் பயந்து போனான். மனைவியை விட்டுப் பிரிந்து, பாண்டிய நாட்டில் வேறு பெண்ணை மணந்து கொண்டான். பின்னால் புனிதவதி வந்தபோது, குடும்பத்தோடு அவள் காலில் விழுந்தான். பெரியபுராணம் கூறும் கதை இது.

"இந்த அழகு இனி எதற்கு?" என்று எண்ணினாள் அவள். அழகை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கினாள். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். அவள் கவலைப்படவில்லை.

என்ன ஆயிற்று? சிவபெருமானே "அம்மையே" என்று அழைத்தார்! கோயில்களில் 63 நாயன்மார்கள் வரிசையைப் பாருங்கள். மற்றவர்கள் நிற்பார்கள். அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு அவர் அமர்ந்திருக்கும் சோழர் காலச் செப்புச் சிலை ஒன்று, அமெரிக்காவில் நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து அழகிகளின் பெயர் யாருக்குத் தெரியும்?

வெள்ளைப் புடவை நட்சத்திரம்

"அது புராணம், நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்கலாம். சினிமாவிலேயே ஓர் உதாரணம் உண்டு.

கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் கணவர், நாடக மேடையின் புகழ் பெற்ற பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா. 1933-ல் அவர் காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைப் புடவைதான். "இனி ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிக்க மாட்டேன்" என்று உறுதி பூண்டார். பட்டும் நகையும் பளபளக்கும் சினிமா உலகில் இப்படி ஒருவர்!

மக்கள் ஒதுக்கினார்களா? இல்லை. 1953-ல் 'ஔவையார்' படத்தைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். 1973-ல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில், பேய் உருவம் கொண்ட அம்மையாராக நடித்தவரும் அவரே.

எது பெருமை?

சினிமா பார்ப்பது தப்பல்ல. நாலு பேரைப் போல உடுத்துவதும் தப்பல்ல. சுந்தராம்பாளும் ஊர் விரும்பிய சினிமாவில்தானே பாடினார்? ஆனால் அங்கேயும் தன் கொள்கையை விடவில்லை.

வேண்டுமென்றே ஊருக்கு மாறாக நடப்பதும் பெருமை அல்ல. பிறர் பார்க்க வேண்டும் என்று அம்மையார் பேய் உருவம் கேட்கவில்லை. அவருக்கு ஒரு லட்சியம் இருந்தது.

எல்லோரையும் போல இருப்பது ஒரு வசதி. பஸ்ஸில் இடம் கிடைப்பது போல! அதற்காக யாராவது மார் தட்டிக் கொள்வார்களா?

பிள்ளைகள் "எல்லோரும் வைத்திருக்கிறார்கள், எனக்கும் வேண்டும்" என்றால் திட்ட வேண்டாம். "உனக்கு அது எதற்கு?" என்று மட்டும் அன்போடு கேளுங்கள். நல்ல காரணம் சொன்னால், வசதி இருந்தால் வாங்கிக் கொடுங்கள். "ஊர் சிரிக்கும்" என்பது மட்டுமே காரணமானால், திருவாலங்காட்டுக்கு ஒரு முறை அழைத்துப் போய், அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள்.