பாசிமணியில் ஒரு பரம்பரை!

ஜாக்கெட் கையிலும் கழுத்திலும் பாசிமணி வைத்துத் தைக்க யாருக்குத்தான் ஆசையில்லை? எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. அதனால்தான் வட அமெரிக்கப் பூர்வகுடிகளான அபெனாகி மக்களின் மணி வேலையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது வெறும் அலங்காரச் சமாச்சாரம் இல்லை என்று புரிந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் பகுதிகளும், கனடாவின் கியூபெக்கும் இவர்களுடைய பூர்வீக பூமி. 'விடியல் நாட்டு மக்கள்' என்பது பெயரின் பொருள். கிழக்குக் கோடியில் சூரியனை முதலில் பார்ப்பவர்கள் ஆயிற்றே! கியூபெக்கில் ஒடனாக், வோலினாக் என்ற இரண்டு அபெனாகி ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

கண்ணாடி மணி அவர்களுக்குப் பிற்பாடு வந்ததுதான். அதற்கு முன்னால் முள்ளம்பன்றி முள்! அதை ஊற வைத்து, சாயமேற்றி, தட்டையாக்கித் தோலில் வைத்துத் தைப்பார்கள். ஐரோப்பிய வியாபாரிகள் பீவர் என்ற பிராணியின் தோலை வாங்கிக்கொண்டு, வெனிஸ் நகரத்துக் கண்ணாடி மணி, கம்பளித் துணி, பட்டு ரிப்பன் எல்லாம் கொடுத்தார்கள். பொருள் வெளியூர்ச் சரக்கு. கற்பனை இவர்கள் சொந்தச் சரக்கு.

'மொக்கசின்' என்கிற மெத்தென்ற காலணியைப் பாருங்களேன். மூஸ் என்ற பெரிய மானின் தோலைப் பதப்படுத்தி, புகை போட்டுச் செய்வது. புகை போட்டதால் நனைந்து காய்ந்தாலும் தோல் விறைத்துப் போகாது. பாதத்தின் மேல்புறம் வரும் துண்டிலும் கணுக்கால் மடிப்பிலும்தான் மணி வேலை. பெண்கள் அணியும் கூம்புத் தொப்பியிலும் ஓரமெல்லாம் மணி ஓடும்.

இவர்கள் கோலத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரே அடியிலிருந்து இரண்டு வளைவுகள் கிளம்பி, எதிரெதிராகச் சுருளும். பெரணிச் செடியின் இளங்குருத்து மாதிரி இருக்கும். இந்த 'இரட்டை வளைவு' அபெனாகிகளுக்கும் அவர்களுடைய சுற்றத்து இனங்களுக்கும் பொதுவானது.

தையல் முறை சுலபம்தான். இரண்டு ஊசி வேண்டும். முதல் ஊசி நூலில் மணிகளைக் கோர்த்து, வரைந்த கோட்டின்மேல் படுக்க வையுங்கள். இரண்டாவது ஊசியால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், கோர்த்த நூலுக்குக் குறுக்கே சின்னத் தையல் போட்டு அமுக்குங்கள். வெல்வெட் துண்டில் போட்டுப் பார்த்தேன். வளைவு என்னமாய்ப் படிகிறது! நூலை மட்டும் இறுக்கி இழுக்காதீர்கள், துணி சுருங்கிவிடும்.

இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருந்தது. தாய் தைக்க, பக்கத்தில் உட்கார்ந்து மகள் கற்றுக்கொள்வாள். ஆனால் கனடாவின் சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? பூர்வகுடிப் பெண் வேறு இனத்தவரைக் கட்டிக்கொண்டால், பூர்வகுடி என்ற பதிவே போய்விடும். பிறந்த ஊரில் குடியிருக்கும் உரிமையும் போச்சு! ஓர் ஆண் வெளிப் பெண்ணைக் கட்டினாலோ, அவருக்கு நஷ்டமில்லை. வந்த மனைவிக்கும் பதிவு கிடைத்தது. என்ன நியாயம் இது?

1985-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இழந்த பெண்களுக்குப் பதிவு திரும்பியது. பேரன் பேத்திகள் விஷயத்தில் ஓரவஞ்சனை நின்றபாடில்லை. விடுவார்களா? அபெனாகிக் குடும்பத்தினரும் ஒடனாக், வோலினாக் ஊர்ச் சபைகளும் வழக்குப் போட்டு, 2015-ல் கியூபெக் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அதன் பலனாக 2017-ல் புதுத் திருத்தம் நிறைவேறி, 2019-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஏட்டில் பெயரை அடித்துவிடலாம்; அம்மா சொல்லிக் கொடுத்த தையலை எந்த ஏட்டிலிருந்து அடிப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூர்வகுடிகள் செய்ததாகப் பொய் சொல்லிப் பொருளை விற்பது அமெரிக்காவில் 1990-ம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆகவே சகோதரிகளே, இரட்டை ஊசித் தையலைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கோலத்துக்கு நம் மாங்காயும் மயிலும் இருக்கவே இருக்கின்றன. இரட்டை வளைவு அவர்கள் வீட்டுச் சொத்து. அது அவர்கள் பெண்களுக்கே இருக்கட்டும்.