உருவத்துக்குப் பின்னால் யார்?

கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் 2022 பிப்ரவரி 6 அன்று ஒரு திருமணம் நடந்தது. கொரோனா கட்டுப்பாடுகளால் பலர் நேரில் வர இயலவில்லை. எனவே வரவேற்பு ‘மெட்டாவெர்ஸ்’ எனும் மெய்நிகர் உலகில் நடைபெற்றது. விருந்தினர் தத்தம் ‘அவதார்’ உருவில் வந்து வாழ்த்தினர். மணமகளின் மறைந்த தந்தையும் ஓர் உருவாகத் தோன்றினார்.

இதை விளையாட்டென்று நான் ஒதுக்கமாட்டேன். 2003-இல் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ உலகில் மக்கள் நிலம் வாங்குகின்றனர், கடை நடத்துகின்றனர், நட்பும் காதலும் கொள்கின்றனர். உருவம் கற்பனையே, உறவாடுவோர் மெய்யான மனிதர். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் எங்கள் திருக்காட்டுப்பள்ளியிலும், கடல்கடந்த பிள்ளைகளைத் திரையில் மட்டுமே காணும் பெற்றோர் உண்டு. ஒரே கூடத்தில் பிள்ளைகளோடு உலவும் வாய்ப்பு அவர்களுக்குப் பெரும்பேறு.

தந்தையின் உருவம் வேறு. அதன் பின்னால் எவருமில்லை. மறைந்தோர் படத்துக்கு மாலையிட்டு வணங்குவது நம் வழக்கம். படம் பேசாது, நினைவுகூர்வது நாமே. படமே பேசத் தொடங்கினால் அச்சொற்கள் எவருடையவை? 2024 ஜனவரியில், மறைந்த முன்னாள் முதல்வர் கருணாநிதியின் உருவம் செயற்கை நுண்ணறிவால் விழாத் திரையில் பேசியது. நாளை எவர் வீட்டிலும் இது நிகழலாம். உயில் எழுதுவோர், தம் முகத்தையும் குரலையும் யார் ஆளலாம் என்பதையும் எழுதிவைப்பது நல்லது.