சாய்ந்து நிற்கும் அசெம்ப்ளியை நிமிர்த்துவது

ஒரு மேஜைக்கான ஸ்டீல் சட்டத்தை சாலிட்வொர்க்ஸில் வரைந்துகொண்டிருந்தேன். காலின் நீளம் 700 மி.மீ. ஆனா டிராயிங் ஷீட்டில் 699.04 என்று காட்டியது. பார்ட் ஃபைலைத் திறந்தால் 700 தான். அரை மணி நேரம் பார்ட்டையே சந்தேகப்பட்டேன்.

தப்பு அங்கே இல்லை. மொத்த அசெம்ப்ளியும் 3 டிகிரி சாய்ந்திருந்தது. 700-ஐ காஸ் 3 டிகிரியால் பெருக்கிப் பாருங்க, 699.04 வரும். சாய்வு நம்மை நோக்கி இருந்ததால் முன்பக்கத் தோற்றத்தில் கண்ணுக்கே தெரியலை. இந்த ஷீட் பட்டறைக்குப் போயிருந்தா காலை ஒரு மில்லி குறைச்சு வெட்டியிருப்பாங்க.

முதலில் கொண்டுவரும் பார்ட்டை மென்பொருள் தானாகவே ஃபிக்ஸ் செய்துவிடும். நான் அதை ஃப்ளோட் ஆக்கி, மவுஸால் சுற்றி, நேரா இருக்கு என்று தோன்றிய இடத்தில் மறுபடி ஃபிக்ஸ் பண்ணியிருந்தேன். பின்னால் வந்த பார்ட்டெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே சாய்ந்துவிட்டன.

இதில் ஒரு நல்லதும் இருக்கு. முதல் பார்ட்டை நிமிர்த்தினால் மற்றவை தானாக நிமிரும். ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியதில்லை. முதல் பார்ட்டை ஃப்ளோட் ஆக்குங்க. அதன் ஃப்ரன்ட், டாப், ரைட் பிளேன்களை அசெம்ப்ளியின் அதே பிளேன்களோடு கோயின்சிடன்ட் மேட் போட்டு இணையுங்க. ஒரு பொருளுக்கு ஆறு வித அசைவு உண்டு: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. முதல் மேட் மூன்றைப் பிடுங்கும், இரண்டாவது இரண்டை, மூன்றாவது மிச்சமிருக்கும் ஒன்றை. மவுஸுக்கு வேலையே இல்லை. பார்ட் தலைகீழாக நின்றால் அந்த மேட்டின் திசையை மாற்றினால் போதும்.

சிவப்பு எரர் வந்தால் பயப்படாதீங்க. வேறு ஏதோ பார்ட்டும் ஃபிக்ஸ் ஆகியிருக்கும், இல்லைன்னா நேரடியா அசெம்ப்ளி பிளேனோடு மேட் ஆகியிருக்கும். எனக்கு இரண்டு போல்ட் அப்படி மாட்டின. அவற்றை விடுவித்து சட்டத்தோடு மேட் போட்டதும் சரியானது. ஆரம்பிக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

'அப்டேட் ஸ்டாண்டர்ட் வியூஸ்' என்று ஒரு குறுக்குவழி உண்டு. அது நாம் பார்க்கும் கோணத்துக்கு மட்டும் புதுப் பெயர் வைக்கும். பொருளின் ஆயத்தொலைவுகள் மாறாது. திரையில் நேராகத் தெரியும், ஆனால் ஸ்டெப் ஃபைலாக ஏற்றுமதி செய்தால் அதே 3 டிகிரி சாய்வோடுதான் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்.