‘சினிமா ராணி’ டி. பி. ராஜலட்சுமி

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-ல் வெளிவந்தது. அதில் நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதிலளித்தார்! அந்த நாயகிதான் திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி.

பால்ய விவாகம் முறிந்தபின், பிழைப்புக்காக நாடகமேடை ஏறியவர். நாடகக்காரி என்றால் ஊரார் முகஞ்சுளித்த காலம் அது.

‘முதல் கதாநாயகி’ என்று அவரைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்கிறோம். அது பாதிப் புகழே. 1936-ல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவரே. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப்படி மிதித்தவள் நான்; வழிகேட்க முன்னால் ஒருவரும் இல்லாத நிலை எத்தகையது என்பது எனக்குச் சிறிதேனும் விளங்குகிறது.

சொந்தப் படங்களில் பொருளை இழந்த அவர் 1964-ல் மறைந்தார். ‘காளிதாஸ்’ படப்பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை.