ஓரக்கல்லுக்கு எந்தப் பக்கம்?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிவைத்த, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம். அதில் சாலை என்பது புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடு. அது எப்படிப்பட்ட சாலை என்பதைக் கூடவே எழுதப்படும் குறிச்சொற்கள் சொல்கின்றன. சைக்கிளுக்கு வழிகாட்டும் செயலிகள் பல இவற்றைப் படித்துத்தான் பாதையைத் தேர்கின்றன.

சைக்கிள் நகரம் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய புனேயில் சைக்கிள் பாதைகளை இந்த வரைபடத்தில் பதியும் வேலைக்குப் பொறுமை வேண்டும். 2006இல் சதாரா சாலையிலும் சோலாப்பூர் சாலையிலும் பேருந்துக்கெனத் தனித்தடம் வந்தபோது சைக்கிள் பாதைகளும் கூடவே போடப்பட்டன. 2017இல் மாநகராட்சி ஏற்ற சைக்கிள் திட்டம் சுமார் 824 கி.மீ. பாதைகளை முன்மொழிந்தது. திட்டத்தில் உள்ளது என்பதற்காக வரைபடத்தில் ஏற்றிவிடக் கூடாது. தரையில் இருப்பதை மட்டுமே பதிய வேண்டும் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை விதி.

முதலில் பார்க்க வேண்டியது ஓரக்கல். வண்டிகள் ஓடும் தார்ப்பரப்பிலேயே வெள்ளைக்கோடு போட்டுப் பிரித்திருந்தால் ‘சைக்கிள்வே=லேன்’ என்ற குறிச்சொல்; ஓரக்கல்லோ தடுப்போ நடுவில் இருந்தால் ‘சைக்கிள்வே=டிராக்’. லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. அடுத்து, பாதை எந்தப் பக்கம் என்பது. இங்கே இடது, வலது என்பவை கோடு வரையப்பட்ட திசையைப் பொறுத்தவை, வண்டி போகும் திசையை அல்ல. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான்.

பாதையைத் தனிக் கோடாகவும் வரையலாம். அப்போது சாலைக்கோட்டில் ‘சைக்கிள்வே=செபரேட்’ என்று எழுத வேண்டும்; இல்லையேல் ஒரே பாதை இரண்டு முறை கணக்கில் வரும். தனிக் கோடு ஒவ்வொரு சந்திப்பிலும் சாலையோடு சேர வேண்டும். அரை மீட்டர் முன்னால் நின்றுபோனாலும் மென்பொருளுக்கு அது முட்டுச்சந்து.

மேற்பரப்பு பேவர் பிளாக்கா, தாரா, அகலம் எத்தனை மீட்டர் என்பவற்றுக்கும் குறிகள் உண்டு. அகலத்தை டேப் பிடித்து அளப்பதே மேல். மரநிழல் மூடிய சாலைகளில் செயற்கைக்கோள் படம் உதவாது. பாதையில் நிறுத்திய பைக்குகள் நாளைக்கு நகர்ந்துவிடும், ஆகவே அவற்றைப் பதிவதில்லை. பைக் நுழையாதிருக்க நட்ட இரும்புக் கம்பத்தைப் பதிய வேண்டும்: கோட்டின் மேல் அதே இடத்தில் ஒரு புள்ளி, ‘பேரியர்=போலார்ட்’ என்ற குறி. கம்பங்களின் இடைவெளியையும் எழுதிவைத்தால், மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் மாற்றுத்திறனாளிக்கு அங்கே நுழைய முடியுமா என்று தெரியும்.

ஜங்லி மகாராஜ் சாலை போன்ற ஒருவழிச் சாலைகளில், எதிர்த்திசையில் சைக்கிள் போகலாம் என்ற குறியை அதற்கான பலகை இருந்தால் மட்டுமே இடலாம். ஊரே அப்படித்தான் போகிறது என்பது ஆதாரமாகாது.

தோண்டுவதும் மூடுவதும் ஓயாத நகரத்தில் கடைசியாகச் சரிபார்த்த தேதிக்கென உள்ள ‘செக்_டேட்’ குறி மிகவும் பயன்படும். பாதை பெயர்க்கப்பட்டுவிட்டால் பழைய குறியை வெறுமனே அழிப்பதைவிட ‘சைக்கிள்வே=நோ’ என்று மாற்றுவது நல்லது. வெற்றிடமாக விட்டால், இதுவரை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இன்னொருவர் பழைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அதே பாதையை மறுபடி வரைந்துவிடுவார்.